தெரிந்த சொல்தான் ஏமாற்றும்: வேற்றூர்ப் பேச்சைக் கேட்கக் காதைப் பழக்குவது எப்படி

பதினேழு வருடமாக எனக்குச் சோறு போடுவது, அடுத்தவர் பேசியதைக் கேட்டு எழுதும் வேலை. யாரோ எங்கோ போய்ப் பேட்டி எடுப்பார்கள். அந்த ஆடியோ தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்து சேரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் எழுத்தில் இறக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்து மணி நேரமாவது ஆகும். சர்க்கரை நோய் ஆய்வு, நிலத் தகராறு, குடிநீர்ப் பிரச்சினை, பழைய மில் தொழிலாளர்களின் நினைவுகள் என்று எது வேண்டுமானாலும் வரும். பேசுகிறவர்கள் ஓசூர் முதல் களியக்காவிளை வரை எந்த ஊர்க்காரராகவும் இருப்பார்கள். சில மாதங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு மட்டுமே வந்ததும் உண்டு.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்தவள். தமிழ் தெரிந்தவளுக்குத் தமிழைக் கேட்டு எழுதுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போகும் ஆசிரியர், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியர், வங்கிக் கவுண்டரில் உட்காருபவர், வெளியூரில் சம்பந்தம் செய்தவர் என்று பலருக்கும் இது பயன்படும்.

என்னுடைய பெரிய தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரோடு பக்கத்துச் சர்க்கரை நோயாளிகளின் பேட்டி அது. ஒரு அம்மா, "மாத்தரைய பொழுதோட போட்டுக்குவனுங்க" என்றார். பேச்சில் உள்ளபடி ஒரு பத்தியிலும், பொதுத்தமிழில் பக்கத்துப் பத்தியிலும் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் "பொழுதோட வந்துரு" என்றால் இருட்டுவதற்குள் வந்துவிடு, நேரத்தோடு வந்துவிடு என்று பொருள். அதனால் பொதுத்தமிழ்ப் பத்தியில் "மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள்வேன்" என்று எழுதி அனுப்பினேன். அந்த ஆய்வில் இருந்த கோபிசெட்டிபாளையத்துப் பெண் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். கொங்குப் பக்கம் பொழுதோட என்றால் சாயங்காலம். இரண்டு வேளை மாத்திரையில் காலை வேளையை அந்த அம்மா விட்டுவிடுகிறார் என்பதுதான் அந்தப் பேட்டியிலேயே முக்கியமான செய்தி. அதை நான் நேர் எதிராக மாற்றி வைத்திருந்தேன்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாத சொல்லாக இருந்திருந்தால் நிறுத்தி, யாரிடமாவது கேட்டிருப்பேன். தெரிந்த சொல்லாக இருந்ததால் காது அதைத் தாண்டிப் போய்விட்டது.

முதல் தடவை எழுதாதீர்கள்

ஆடியோவோடு ஒரு தாள் வரும். பேசுபவரின் பெயர், வயது, ஊர், படிப்பு, தொழில் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் பத்து நிமிடத்தைச் சும்மா கேளுங்கள். கை சும்மா இருக்கட்டும். நேரில் பேசுகிறீர்கள் என்றால், முதல் சில நிமிடம் எதிராளியைப் பேச விடுங்கள், குறுக்கே எதுவும் கேட்காதீர்கள்.

தாளை ஏன் கவிழ்க்க வேண்டும்? ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ரூபின் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பெண் ஒருவரின் குரலில் பதிவு செய்த பாடத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் ஒன்றேதான். ஆனால் ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அந்நிய உச்சரிப்பு கேட்கிறது என்றார்கள், பாடத்தையும் குறைவாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். கண் சொன்னதைக் காது கேட்டிருக்கிறது. தாளில் "படிப்பு: இல்லை" என்று பார்த்துவிட்டுக் கேட்டால் எனக்கும் அதுதான் நடக்கும். அவர் யோசித்து நிறுத்தும் இடமெல்லாம் தடுமாறும் இடமாகக் கேட்கும்.

அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும், பேசுபவரைப் பற்றி மனதில் என்ன தோன்றியதோ அதை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். "முரட்டு ஆள்", "பாவம், வெகுளி", "பெரிய இடம் போல" என்று எதுவானாலும் கூச்சப்படாமல் எழுதுங்கள். பிறகு மடித்து மேஜை ஓரத்தில் வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பிரித்துப் பாருங்கள். பல வருடம் இப்படி எழுதியதில் என்னைப் பற்றி எனக்கு ஒன்று தெரிந்தது. மதுரைப் பேச்சு என்றால் முரடு, கோவைப் பேச்சு என்றால் மரியாதை, சென்னைப் பேச்சு என்றால் நம்ப முடியாத ஆள், யாழ்ப்பாணம் என்றால் படித்தவர். ஆளே மாறினாலும் நான் எழுதும் சொல் மாறவில்லை. அப்படியென்றால் அது அவர்களைப் பற்றிய குறிப்பு இல்லை. சினிமாவும், கல்யாண வீட்டுப் பேச்சும், பஸ்ஸில் கேட்டதும் என் காதில் சேர்த்து வைத்த படிவு.

நம் பேச்சைப் பற்றியே நமக்கு இப்படி ஒரு படிவு இருக்கும். கனடாவின் மொன்றியலில் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1960-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் நன்றாகத் தெரிந்த சிலரை ஒரே பகுதியை இரண்டு மொழியிலும் வாசிக்க வைத்து, வேறு வேறு ஆட்கள் என்று கேட்பவர்கள் நினைக்கும்படி போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் வாசித்த குரலுக்குத்தான் பல குணங்களில் உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. அங்கே பிரெஞ்சு பேசுபவர்களே தங்கள் மொழிக் குரலுக்குக் குறைத்துப் போட்டிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சென்னையில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், ஊரில் இருந்து அம்மா போன் செய்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவேன். உள்ளே பேசினால், "ஊர்ல சண்டையா?" என்று யாராவது கேட்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சு கடைசியில் ஏறி இழுத்து நிற்கும். அது வெறும் ராகம்தான். ஆனால் இரண்டு வருடத்தில் எனக்கே அது சண்டை மாதிரி கேட்க ஆரம்பித்திருந்தது.

வினைச்சொல்லின் வாலைப் பிடியுங்கள்

ஊரை அடையாளம் காண எல்லோரும் விளிச்சொல்லைத்தான் தேடுவார்கள். மக்கா என்றால் நாகர்கோவில், ஏனுங்க என்றால் கோவை, அண்ணாச்சி என்றால் நெல்லை. இதை நம்பாதீர்கள். விளிச்சொற்கள் ஊர்விட்டு ஊர் போய்விட்டன. சென்னையில் பிறந்து வளர்ந்த கல்லூரிப் பையன்கள் ஒருவரை ஒருவர் மக்கா என்று கூப்பிடுகிறார்கள். வினைச்சொல்லின் கடைசி அப்படி எளிதில் ஊர் மாறாது. அதை ஒருவர் நினைத்து நினைத்துப் பேசுவது இல்லை, தானாக வாயில் வருவது.

"வந்தார்கள்" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் வந்தாங்க. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் வந்தாக. எங்கள் பக்கம் வந்தாவ. யாழ்ப்பாணத்தில் வந்தவை. மதுரையில் வந்தாய்ங்க என்று ஒன்று இருக்கிறது. அதில்தான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவார்கள். மதுரைக்காரர் "பெரியவங்க வந்தாங்க" என்று மரியாதையாகச் சொல்வார். "பயலுக வந்தாய்ங்க" என்று மரியாதை இல்லாமல் சொல்வார். ஒரு ஊர்க் கூட்டத்தைப் பற்றிய பேட்டியில், ஒரு தரப்பைப் பற்றி "வந்தாங்க" என்றும் இன்னொரு தரப்பைப் பற்றி "வந்தாய்ங்க" என்றும் வந்துகொண்டே இருந்தது. என்னிடம் பழகிக்கொண்டிருந்த பெண் இரண்டையும் "வந்தார்கள்" என்று எழுதிவிட்டாள். பேசியவர் யார் பக்கம் என்பது அந்த ஒரு யகரத்தில்தான் இருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த பாடம் "கொண்டு". எழுத்தில் "வந்துகொண்டு இருக்கிறான்" என்கிறோம். யாழ்ப்பாணத்தார் பேச்சிலும் அந்தக் "கொண்டு" அப்படியே இருக்கிறது. மற்ற இடங்களில் தேய்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு பக்கம் தேய்ந்திருக்கிறது. "வந்துகிட்டு இருக்கான்" என்பவர் முன்னால் இருக்கும் ககரத்தை வைத்துக்கொண்டு, நடுவில் இருந்த "ண்" என்ற மூக்கொலியை விட்டுவிட்டார். "வந்துண்டு இருக்கான்" என்று பிராமணர் வீட்டில் சொல்லும்போது ககரம் போய், மூக்கொலி நின்றுவிட்டது. எங்கள் பக்கம் "வந்துட்டு இருக்கான்" என்போம், ககரமும் இல்லை, மூக்கொலியும் இல்லை. சென்னையில் "வந்துகினு கீறான்". அங்கே ககரமும் இருக்கிறது, மூக்கொலியும் இருக்கிறது, டகரம் மட்டும்தான் போயிருக்கிறது. இந்த நாலையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். எது கொச்சை? எல்லாரும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு துண்டு. ஆனால் "ண்டு" என்றால் படிப்பாளி என்றும் "கினு" என்றால் ரவுடி என்றும் நம் காது தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஒலியைக் கேட்டு எழுதியது இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், ரிக்‌ஷா ஓட்டியவரும், குப்பத்தில் இருந்தவரும் பேசிய பேச்சு என்பதால் எழுதியது. பேஜார், உஷார், ஜல்தி, நாஷ்டா எல்லாம் உருது வழியாக வந்தவை, நைனா தெலுங்கு. துறைமுகப் பட்டணத்தில் நாலு மொழிக்காரர்களோடு சேர்ந்து உழைத்தவர்களின் பேச்சில் நாலு மொழி இருக்கத்தான் செய்யும். "குந்து" என்பதோ அசல் தமிழ். அதையும் சேர்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

மரியாதையை உங்கள் ஊர்ப் படியால் அளக்காதீர்கள்

எங்கள் வீட்டில் "எங்கம்ம சொன்னா" என்போம். அம்மாவை "சொன்னா" என்று சொல்கிறாளே என்று ஒரு தஞ்சாவூர்த் தோழி முகம் சுளித்தாள். அவள் "எங்கம்மா சொல்லுச்சு" என்பாள். அம்மாவைப் போய் அஃறிணையில் சொல்கிறாளே என்று நான் முகம் சுளித்தேன். இரண்டு பேருமே தங்கள் அம்மாவை மரியாதைக் குறைவாக நினைத்தது இல்லை. எங்கள் பக்கம் "சொன்னா" என்பது நெருக்கம். அவர்கள் பக்கம் "சொல்லுச்சு" என்பது நெருக்கம். அதனால் பேட்டியில் ஒருவர் தன் மனைவியை "அது சொல்லுச்சு" என்றால் உடனே முடிவு கட்டாதீர்கள். அதே ஆள் தன் மாமியாரை, அக்காவை, ஊர்ப் பெரிய மனுஷியை எப்படிச் சொல்கிறார் என்று சேர்த்துக் கேளுங்கள். அவருடைய படிக்கட்டில் எத்தனை படி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்ல முடியும்.

நெல்லையில் நீ, நீங்க இரண்டுக்கும் நடுவே "நீரு" என்று ஒரு படி இருக்கிறது. "வாரும் வே, இரியும்" என்று சம வயது ஆண்கள் பேசிக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்திலும் "நீர் வாரும்" உண்டு. சென்னைக்காரர் காதுக்கு அது நாடக வசனமாகவோ அதிகாரமாகவோ கேட்கும். அங்கே அது நட்பு. "லே" இன்னும் கீழ்ப்படி, வயதில் சின்னவனுக்கும் நெருங்கிய நண்பனுக்கும். பெண்பிள்ளையை யாரும் "ஏலே" என்று கூப்பிட மாட்டார்கள், "ஏளா" அல்லது "ஏட்டி" என்பார்கள். முதலில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு வருடம் என்னைத் தினமும் "என்னலே" என்றுதான் வரவேற்றார்கள். வேடிக்கைக்காகத்தான். ஆனால் அது என் ஊர்ப் பேச்சே இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. அதனால் நான் பழக்கும் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்வேன்: அடுத்த ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டாதீர்கள். பேசிக் காட்டும்போது நீங்கள் பேசுவது அந்த ஊர்ப் பேச்சு இல்லை, சினிமாவில் கேட்ட நாலு சொல். அதை நாலு தடவை சொன்னால் உங்கள் காது அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

குணத்தை எழுதாதீர்கள், ஓசையை எழுதுங்கள்

கேட்டு எழுதும்போது (சிரிப்பு), (இருமல்), (மௌனம்) என்று அடைப்புக்குறிக்குள் போடுவோம். ஒருமுறை பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர், வயலில் மின்கோபுரம் நட்டதைப் பற்றிப் பேசினார். "நீங்க வந்து கேக்கறீங்க, நாங்க சொல்றமுங்க. அவ்வளவுதானுங்க. இதுக்கு மேல எங்ககிட்ட என்னங்க இருக்குது." நான் அடைப்புக்குறிக்குள் (பணிவாக) என்று போட்டுவிட்டேன். அந்தத் திட்டத்தில் இருந்த உடுமலைக்காரத் தம்பி படித்துவிட்டு, "அக்கா, அந்த மனுஷன் கொதிச்சுப் போய் இருக்காருங்க" என்றார்.

திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை "ங்க"வை ஒதுக்கிவிட்டுக் கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் இரண்டு, மூன்று விநாடி இடைவெளி. மூக்கால் மூச்சு விடும் சத்தம். "அவ்வளவுதானுங்க"வில் குரல் தட்டென்று நிற்கிறது. பேட்டி எடுத்தவர் அடுத்த கேள்வியைத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுகிறார். எல்லாம் முதலிலேயே அங்கே இருந்தவைதான். கொங்குக்காரருக்கு "ங்க" என்பது வாக்கியத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. கோபத்திலும் வரும், துக்கத்திலும் வரும், வட்டிக்காரரை விரட்டும்போதும் வரும். அன்றைக்கு (பணிவாக) என்பதை அடித்துவிட்டு (மூன்று விநாடி மௌனம்) என்று எழுதினேன். அதற்குப் பிறகு பணிவாக, கோபமாக, அப்பாவியாக என்று எந்தக் குணத்தையும் நான் அடைப்புக்குறிக்குள் எழுதியது இல்லை. செவிலியராக, ஆசிரியராக இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். "அந்த அம்மா திமிராகப் பேசினார்" என்று பதிவேட்டில் எழுதத் தோன்றும்போது, அவர் சொன்ன சொல் என்ன, எங்கே நிறுத்தினார் என்று மட்டும் எழுதுங்கள்.

ஏமாற்றும் சொற்களுக்கு ஒரு நோட்டு

பொழுதோட சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு நீள நோட்டு போட்டேன். தெரியாத சொற்களுக்கு இல்லை, தெரிந்த மாதிரி இருக்கும் சொற்களுக்கு. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

குமரி மாவட்டத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். "மூணு நாளா வெள்ளம் வரல்ல" என்று ஒருவர் சொன்னதை, மழைவெள்ளம் வராததாக எழுதி வைத்திருந்தார் சென்னையில் வளர்ந்த ஒரு சக ஊழியர். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற புகார் அது. அந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. மலையாளமும் தமிழும் அங்கே ஒரே தெருவில் வளர்ந்தவை. அதைக் கேட்டதும் "இது தமிழா?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே நினைவை ஓர்மை என்பார்கள். இவ்வளவு அழகான சொல்லை நாம் விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றும். "எனக்க வீடு" என்றால் என் வீடு. இப்போது கணினி முதல் பிரதியை எழுதித் தருகிறது, நான் திருத்துகிறேன். அது "எனக்க வீடு" என்பதை "எனக்கு வீடு" என்று எழுதுகிறது. சொந்த வீட்டில் இருப்பவர், வீடு கேட்பவராகிவிடுகிறார்.

கொங்கில் நோம்பி என்றால் பண்டிகை, திருவிழா. நோன்பு என்று எழுதிப் பட்டினி போட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் "மேலுக்கு முடியல" என்றால் உடம்பு சரியில்லை. மேல் என்றால் உடம்பு.

உறவுச் சொற்களுக்கு நோட்டில் தனிப் பக்கமே வேண்டும். ஆச்சி என்றால் எங்களுக்குப் பாட்டி. காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீட்டில் அக்காவையும் ஆச்சி என்பார்கள். அந்த வீடுகளில் அப்பச்சி என்றால் அப்பா. கொங்கில் அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. ஒரு உகரத்தில் ஒரு தலைமுறை மாறிவிடுகிறது. ஆத்தா ஓர் இடத்தில் அம்மா, இன்னோர் இடத்தில் பாட்டி. சொத்துப் பிரச்சினை சம்பந்தப்பட்ட பேட்டி என்றால், உறவுச் சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் "அவர் யாருக்கு யார்?" என்று கேட்டு உறுதி செய்யாமல் நகராதீர்கள்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் என்னை நன்றாக ஏமாற்றிய சொல் "உங்கை". வெளிநாட்டில் இருக்கும் மகனோடு ஒரு அம்மா போனில் பேசுவது பதிவில் வந்தது. "உங்கை மழையோ?" என்றார். "உங்க மழையோ" என்று எழுதிவிட்டு, யாருடைய மழை என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன். இங்கை, அங்கை போல உங்கை. நீ இருக்கும் அந்த இடத்தில் மழையா என்று கேட்கிறார். அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்வதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். உகரச் சுட்டு செத்துப்போனது என்று நினைத்திருந்தேன். அது போனில் மகனிடம் மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறது. "ஈழத்தமிழ் மலையாளம் மாதிரி இருக்கிறது" என்று இங்கே பலர் சொல்வார்கள். அவர்கள் "காற்று" என்னும்போது இரட்டை றகரத்தை நாம் "காத்து" என்று பல்லுக்குக் கொண்டுபோவது போலக் கொண்டுபோகாமல், மேலண்ணத்தின் முன்பக்கம் நாக்கை வைத்துச் சொல்கிறார்கள். மலையாளத்திலும் அப்படித்தான், குமரியிலும் அப்படித்தான். தமிழ் எழுத்தில் இன்னும் அந்த றகரம் இருப்பதற்குக் காரணமான ஒலி அதுதான்.

நோட்டுக்குத் துணையாக வட்டார அகராதிகளை வைத்துக்கொள்ளுங்கள். கரிசல் பகுதிக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்தது 1982-இல் வந்தது. கொங்குக்குப் பெருமாள்முருகனும் நாஞ்சில் நாட்டுக்கு அ.கா. பெருமாளும் தொகுத்திருக்கிறார்கள். ஆனால் அகராதியில் சொல் கிடைக்கும், ராகம் கிடைக்காது. அதற்கு ஆளிடம்தான் போக வேண்டும்.

கேட்கும் முறை

ஊருக்கு ஒருவரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபியில் ஒரு பெண், உடுமலைத் தம்பி, தக்கலையில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து இப்போது திருச்சியில் இருக்கும் ஒரு அக்கா. புரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல், கேட்ட ஒலியை அப்படியே எழுதி, பக்கத்தில் நேரத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம் அவர்களுக்குப் போன் செய்யுங்கள். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் அவர்கள் உடனே புத்தகத் தமிழுக்குத் தாவி, ஏதாவது ஒரு சொல்லைத் தருவார்கள். "இதை நீங்க எப்போ சொல்வீங்க, யார்கிட்டச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். தபால்காரர் ஐயா ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் சொல்வார். அந்தச் சம்பவத்தில்தான் அர்த்தம் இருக்கும்.

முக்கியமான ஒன்று. பேச்சைக் கேட்டதும் "நீங்க எந்த ஊர்ப் பக்கம்?" என்று கேட்பது நம் பழக்கம். ஆசையாகத்தான் கேட்கிறோம். ஆனால் அடுத்த கேள்வி "ஊர்ல எந்தத் தெரு?" என்று வந்தால் அது ஊரைப் பற்றியது இல்லை. பாட்டியை எப்படிக் கூப்பிடுவீர்கள், தண்ணீரை எப்படிச் சொல்வீர்கள் என்று வளைத்து வளைத்துக் கேட்டு ஒருவரின் சாதியைக் கண்டுபிடிப்பது நடக்கிற விஷயம். பேச்சில் சாதியின் சுவடு இருக்கிறது, எழுதுபவருக்கு அது காதில் படத்தான் செய்யும். பட்டதை ஆடியோவிலேயே விட்டுவிடுங்கள். நேரில் ஒருவரிடம் அதைத் தோண்டாதீர்கள். சென்னையில் வீடு தேடிய நாட்களில் அந்தத் தெருக் கேள்வியைப் பல வாசலில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

பயிற்சிக்கு: காக்கா வடை கதை

இந்திய மொழிகளைக் கணக்கெடுத்த ஜார்ஜ் கிரியர்சன், பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையைப் பல இடங்களில் அந்தந்தப் பேச்சில் சொல்ல வைத்துப் பதிந்தார். கதை ஒன்றே என்றால் பேச்சின் வித்தியாசம் மட்டும் தனியாகத் தெரியும். நமக்குக் காக்கா வடை தூக்கிய கதை போதும். எல்லோருக்கும் தெரியும், யாரும் மனப்பாடமாகச் சொல்வது இல்லை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூன்று வேறு ஊர்க்காரர்களைச் சொல்ல வைத்து, போனில் பதிவு செய்யுங்கள். அனுமதி கேட்டுவிட்டுத்தான். "சரியா பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உடனே செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். முடிந்தால் ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லச் சொல்லுங்கள், பக்கத்தில் குழந்தையே இருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரே இடத்தை மூன்றிலும் கேளுங்கள்: வடை "சுட்டுக்கொண்டிருந்தாள்" என்ற இடத்தில் யார் என்ன சொல்கிறார்கள், நரி காக்காவை நீ என்கிறதா, நீங்க என்கிறதா, நீர் என்கிறதா. கடைசியாக நீங்களும் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து நாலையும் கேளுங்கள். உங்கள் குரல் வரும்போது முதலில் கூச்சமாக இருக்கும், கேட்டுக்கொண்டே இருங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் இருந்தே தொடங்குங்கள். கோப்புக்கு ஊர், வயது, தேதி வைத்துப் பெயரிடுங்கள். போனைத் தலையணை மேல் வையுங்கள், மரமேஜையில் வைத்தால் ஒவ்வொரு தட்டும் இடி மாதிரி விழும். ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை அணைத்துவிடுங்கள். எங்கள் அம்மா, "ஒரு ஊர்ல ஒரு ஆச்சி வடை சுட்டுட்டு இருந்தாளாம்" என்று ஆரம்பித்தது சித்திரை வெயில் நேரம். அவளுக்கு வியர்க்குமே என்று ஃபேனை ஓட விட்டுவிட்டேன். நரி பேசுகிற இடம் முழுக்க அந்தச் சத்தத்துக்கு அடியில் கிடக்கிறது. எத்தனை தடவை கேட்டும் அவள் நரியை "வே" போட்டுப் பேச வைத்தாளா, "ளா" போட்டா என்று இன்றைக்கும் என்னால் பிரித்து எழுத முடியவில்லை.